சான்றிதழ் ரோலுக்கா, பைக்கா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து சத்துமாவு, பருப்புப்பொடி, மோர்மிளகாய் செய்து விற்கிறோம். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பளிச்சென அச்சடித்த ஜிப் பையில் அடைக்கிறோம். நாத்தனார் மகன் மூலமாக நியூஜெர்சியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் சரக்கு எடுக்கச் சம்மதித்தார். ஆனால் பையில் ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் நான்கும் சேர்த்து 100 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் நூறு பங்குக்குள்) இருப்பதாகச் சான்றிதழ் வேண்டுமாம். பை அடித்துத் தருபவர் கொடுத்த லேப் ரிப்போர்ட்டை அனுப்பினேன். ‘நான் கேட்டது இது இல்லை’ என்று கடைக்காரர் திருப்பிவிட்டார். பை அடிப்பவரோ, ‘எல்லாம் ஃபுட் கிரேடுதாம்மா, பயப்படாதீங்க’ என்கிறார். அடித்து வந்த பை இன்னும் இருபதாயிரம் வீட்டில் கிடக்கிறது. மூன்று வயதுப் பேத்தி அந்தப் பையை எடுத்து வாயில் வைத்துக் கடிப்பாள். இப்போது அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. என்ன செய்யலாம்? ரிப்போர்ட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பினீர்களே, அது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் நானும் பொத்தாம் பொதுவாக ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தத் தாளில் இரண்டு வரிகளைப் பாருங்கள். ‘மாதிரியின் விவரம்’ என்ற இடத்தில் ‘பாலி ரோல், நேச்சுரல், அச்சிடாதது’ என்று இருக்கிறது. ‘சோதனை’ என்ற இடத்தில் ‘ஒட்டுமொத்த மைக்ரேஷன், ஐஎஸ் 9845’ என்று இருக்கிறது. கடைக்காரர் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் இந்த இரண்டு வரிகள்தான். அவர் வீம்பு செய்யவில்லை, உங்கள் பிரிண்டரும் பொய்யான தாளைக் கொடுக்கவில்லை. அது வேறு பொருளுக்கு, வேறு கேள்விக்கு எடுத்த ரிப்போர்ட்.

முதலில் சோதனை. நம் நாட்டில் உணவுப் பொருள் அடைக்கும் பிளாஸ்டிக்குக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிகள் இருக்கின்றன. 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளவை. அதன்படி பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள், மைக்ரேஷன் என்பது அதுதான். உணவுக்குப் பதிலாகத் தண்ணீர், 3 சதவீத அசெட்டிக் அமிலம், ஹெப்டேன் போன்ற திரவங்களில் ஏற்றதைத் தேர்ந்து அதில் பிளாஸ்டிக்கை வைப்பார்கள். நம் ஊர் வெயிலில் நாள்கணக்கில் இருக்கும் பொருளென்றால் 40 டிகிரியில் 10 நாள். பிறகு திரவத்தை வற்றவைத்து, மிச்சம் எவ்வளவு என்று எடை போடுவார்கள். கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்குள் இருந்தால் தேறியது. உங்கள் ரோல் அதில் நன்றாகவே தேறியிருக்கிறது. ஆனால் அந்த மிச்சத்தில் எந்த உலோகம் இருந்தது, இருந்ததா இல்லையா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. சில உலோகங்களுக்குத் தனித்தனி வரம்பு விதியில் உண்டு. அதற்குத் தனியாகச் சோதிக்க வேண்டும், அது உங்கள் தாளில் இல்லை.

அமெரிக்கக் கடைக்காரர் கேட்பது அதுவும் இல்லை. காப்பியை வைத்துச் சொன்னால், டிகாஷனில் என்ன இறங்கியது என்று நம் விதி கேட்கிறது. தூளில் என்ன இருக்கிறது என்று அவர்கள் சட்டம் கேட்கிறது. பையிலிருந்து ஒரு துளி ஈயம்கூட வெளியே வரவில்லை என்றாலும், பைக்குள் 100 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் அங்கே அது தவறு.

ஏன் அப்படி ஒரு சட்டம் என்று உங்களுக்குத் தோன்றலாம். அது சாப்பிடுபவரை மட்டும் நினைத்துப் போட்ட சட்டம் இல்லை, குப்பையை நினைத்துப் போட்டது. 1989-இல் அமெரிக்காவின் வடகிழக்கு மாநில ஆளுநர்கள் கூட்டமைப்பு ஒரு மாதிரிச் சட்டம் எழுதியது. பேக்கேஜிங் குப்பையை எரித்தால் உலோகம் சாம்பலில் நிற்கிறது, புதைத்தால் நிலத்தடி நீருக்கு இறங்குகிறது, அதனால் ஆரம்பத்திலேயே போடாதே என்பதுதான் அதன் கணக்கு. அதைப் பார்த்து 19 மாநிலங்கள் சட்டம் போட்டன. நியூஜெர்சி அதில் ஒன்று. ஐரோப்பாவிலும் 2001 முதல் அதே 100 பிபிஎம்தான். சட்டத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. இந்த நான்கையும் வேண்டுமென்று சேர்க்கவே கூடாது, அது எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. தெரியாமல் கலந்து வந்தது நான்கும் சேர்த்து 100 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. குரோமியத்தில் எல்லா வகையும் இல்லை, ஹெக்சாவேலன்ட் என்கிற நச்சு வகை மட்டும்.

குப்பைக் கணக்கு நமக்கும் பொருந்தாமல் இல்லை. நம் பக்கம் காலிப் பை எங்கே போகிறது? பாதி கொல்லையில் எரிகிறது, அந்தச் சாம்பல் வாழைக்கும் முருங்கைக்கும் போகிறது. ஈயம் தீயில் அழியாது, சாம்பலிலேயே நிற்கும். பாதரசம் புகையோடு போய்விடும். மீதிப் பாதி வாய்க்காலில். மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் வரும்போது கடைமடை மதகில் அடைத்துக்கொண்டு நிற்பது என்ன என்று உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இரண்டாவது வரிக்கு வருகிறேன். உங்கள் விஷயத்தில் முக்கியமானது இதுதான். சோதித்தது அச்சிடாத வெறும் ரோல். வெறும் பாலி ரோலில் இந்த உலோகங்கள் இருப்பது அரிது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த ரோலாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஈயம் வருவது நிறத்தோடு. குரோம் மஞ்சள் என்று ஒரு நிறமி இருக்கிறது, வேதிப்பெயர் லெட் குரோமேட். பளிச்சென்று இருக்கும், அடியில் இருப்பதை நன்றாக மறைக்கும், வெயிலில் சீக்கிரம் வெளுக்காது, விலையும் மலிவு. அதன் எடையில் 64 சதவீதம் ஈயம், 16 சதவீதம் குரோமியம், அந்தக் குரோமியமும் ஹெக்சாவேலன்ட். இதோடு மாலிப்டினம் சேர்ந்த வகை ஆரஞ்சும் சிவப்பும் தரும். குரோம் மஞ்சளில் நீலம் கலந்தால் நல்ல பச்சை வரும். ஆகவே ‘மஞ்சளை மட்டும் பார்த்தால் போதும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் பையில் கோலத்துக்கு அடித்திருக்கும் அந்த இலைப்பச்சையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வெள்ளை பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு, அதில் பயமில்லை.

பெரிய மை கம்பெனிகள் உணவுப் பைக்கான மையில் ஈய நிறமிகளை விட்டு ஆர்கானிக் மஞ்சளுக்கு மாறிவிட்டன. நம் நாட்டிலேயே உணவுப் பையின் அச்சு மைக்கு ஐஎஸ் 15495 என்ற தரம் இருக்கிறது. ஈயம், காட்மியம் போன்றவற்றைக் கொண்ட நிறமிகளை அது அனுமதிப்பதில்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ விதியும் அந்தத் தரத்து மையைத்தான் பயன்படுத்தச் சொல்கிறது. சிக்கல் வருவது சின்ன இடங்களில். அவசரத்துக்கு ‘அதே ஷேடு’ என்று வேறு டின் வாங்கி ஊற்றும்போது நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், நிறமி எது என்று கேட்பதில்லை.

உங்கள் பிரிண்டர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ‘ஃபுட் கிரேடு’ என்று அவர் சொல்வது ரோலைப் பற்றி. நீங்கள் விற்பது ரோலை அல்ல, அச்சடித்து, ஒட்டி, ஜிப் வைத்த பையை.

இனி சோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். லேபுக்கு என்ன கேட்டு எழுதுவது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

முதல் கட்டம் எக்ஸ்ஆர்எஃப். பையின் மேல் எக்ஸ் கதிரை விட்டால் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிர்களைத் திருப்பி அனுப்பும், அதை வைத்து எது, ஏறக்குறைய எவ்வளவு என்று கருவி சொல்லிவிடும். ஓரிரு நிமிட வேலை. நகைக்கடையில் தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் கேரட் மீட்டரும் இதே முறைதான். (அதற்காகக் கும்பகோணம் பெரிய கடைத்தெருவுக்குப் பையை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அந்தக் கருவி தங்கத்துக்குச் சரிபார்க்கப்பட்டது, பிளாஸ்டிக்கில் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை.) பிளாஸ்டிக்கில் பார்க்கும்போது ஒரு தொல்லை உண்டு. பை மெல்லியது, கதிர் அதைத் துளைத்துக்கொண்டு பின்னால் போய்விடும், எண் தப்பாக வரும். அதனால் ஒரே நிறமுள்ள துண்டுகளாக வெட்டி ஐம்பது அறுபது அடுக்கு அடுக்கிச் சில மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்துதான் வைக்க வேண்டும். மஞ்சள் ஓர் அடுக்கு, சிவப்பு ஓர் அடுக்கு, பச்சை ஓர் அடுக்கு, அச்சில்லாத இடம் ஓர் அடுக்கு, ஜிப் தனி. முழுப் பையைச் சுருட்டி வைத்து ஒரே ஒரு எண் கொடுக்கும் லேப் என்றால் வேண்டாம்.

கருவியின் திரையில் அந்தக் கதிர்கள் ஒவ்வொன்றும் ஒரு கோடாக எழும்பும், அதில் ஒரு சங்கதி வேடிக்கையாக இருக்கும். ஈயத்தின் முதல் கோடும் ஆர்சனிக்கின் முதல் கோடும் 10.5 கேஈவி-க்கு (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) அருகே ஒன்றின்மேல் ஒன்று விழும். எது என்று முதல் பார்வையில் பிரித்துச் சொல்ல முடியாது. 12.6-க்குப் பக்கத்தில் ஈயத்தின் இரண்டாவது கோடும் எழும்பியிருந்தால் ஈயம்தான் என்று உறுதி. கூடவே குரோமியமும் தெரிந்து, ஈயம் நாலு பங்கு, குரோமியம் ஒரு பங்கு என்ற கணக்கில் இருந்தால் வேறு விசாரணையே வேண்டாம், அது குரோம் மஞ்சள். அச்சடித்தவர் எத்தனை சத்தியம் செய்தாலும் அந்த நாலுக்கு ஒன்று மாறாது.

இப்போது கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பை இரண்டு படலம் ஒட்டியது. ஒரு சதுர மீட்டர் எடுத்தால் மேலே 12 மைக்ரான் பாலியஸ்டர் 17 கிராம், உள்ளே 50 மைக்ரான் பாலி 46 கிராம், நடுவில் பசை 2 கிராம், காய்ந்த மை 2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 67 கிராம். இந்தப் பையில் மையைப் பிரிக்காமல் சோதித்து 30 பிபிஎம் ஈயம் என்று ரிப்போர்ட் வந்தால் நூறுக்குள்தானே என்று நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால் அந்த 30 முழுவதும் 2 கிராம் மையிலிருந்து வந்திருந்தால், மையில் மட்டும் அது ஏறக்குறைய 1,000 பிபிஎம். அமெரிக்கச் சட்டத்தில் மை, லேபிள், மூடி, பூச்சு ஒவ்வொன்றும் பேக்கேஜின் தனித்தனி உறுப்பு, 100 பிபிஎம் என்பது ஒவ்வொன்றுக்கும். ஆக, பை தேறும், மை தோற்கும். ஒட்டிய பையிலிருந்து மையை மட்டும் சுரண்டி எடுப்பது லேசான வேலை இல்லை. அதனால் பிரிண்டரிடம் அதே மையை, அதே டின்னிலிருந்து, ஒரு கண்ணாடித் தட்டில் தடவிக் காயவைத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்தாறு கிராம் இருந்தால் போதும். பையோடு அதையும் லேபுக்கு அனுப்புங்கள்.

மையிலேயே குரோம் மஞ்சளைப் போட்டிருந்தால் இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது, முழுப் பையைப் பார்த்தாலே ஆயிரக்கணக்கில் பிபிஎம் எகிறும். நுணுக்கம் எல்லாம் அந்த இருபது, முப்பது, ஐம்பது பிபிஎம் ஆட்களைப் பிடிக்கத்தான்.

எக்ஸ்ஆர்எஃப் சுத்தம் என்று சொன்னாலும் வெளிநாட்டுக்கு அனுப்ப அது மட்டும் போதாது. இரண்டாவது கட்டம் ஐசிபி. துண்டை நைட்ரிக் அமிலத்தில் முழுவதும் கரைத்து, அந்தக் கரைசலில் உலோகத்தை அளப்பார்கள். மூடிய கலத்தில் மைக்ரோவேவ் முறையில் கரைக்கிறீர்களா என்று கேளுங்கள். திறந்த பீக்கரில் காய்ச்சினால் பாதரசம் பறந்துவிடும், பிறகு ‘பாதரசம் இல்லை’ என்று ரிப்போர்ட் வருவதில் என்ன பயன்? எக்ஸ்ஆர்எஃப், ஐசிபி இரண்டுமே மொத்தக் குரோமியத்தைத்தான் சொல்லும், அது எந்த வகை என்று சொல்லாது. மொத்தக் குரோமியத்தை அப்படியே சேர்த்தும் நான்கின் கூட்டுத்தொகை நூறுக்குள் நின்றால் அதற்குமேல் செலவு செய்யாதீர்கள். தாண்டினால் மட்டும் ஹெக்சாவேலன்ட்டைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். காரக் கரைசலில் பிரித்து எடுத்து ஒரு வினைப்பொருளை விட்டால் ஊதா நிறம் வரும், நிறத்தின் அடர்த்தியை வைத்து அளவு சொல்வார்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நான்கு உலோகத்துக்கும் நேரே ‘பிஎல்க்யூ’ அல்லது ‘பிடிஎல்’ என்று இருக்கும். லேப் அளக்கவோ கண்டறியவோ முடிகிற அளவுக்குக் கீழே என்று பொருள். அந்த அளவு எவ்வளவு என்று பக்கத்துக் கட்டத்தில் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 50 பிபிஎம் என்று இருந்தால், நான்கும் 49 வீதம் இருந்தாலும் லேபுக்குத் தெரியாது. கூட்டினால் 196. அந்தத் தாளை வைத்து நூறுக்குள் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொன்றுக்கும் 5 பிபிஎம் அல்லது அதற்குக் கீழே அளக்க முடியும் என்று முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐசிபிக்கு அது பெரிய விஷயமே இல்லை.

எங்கே கொடுப்பது? தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் இருக்கிறது, நம் பக்கத்துக்காரர்கள் இன்னும் பயிர்ப் பதன நிலையம் என்றுதான் சொல்கிறார்கள். சத்துமாவையும் பொடியையும் சோதிக்க அது கைக்கெட்டிய இடம். பைக்கு, சென்னையில் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டும் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங்கும் இருக்கின்றன, தனியார் லேபுகளும் உண்டு. எங்கே கொடுத்தாலும் ‘என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு அது. அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, எந்தப் பொருளில் எந்தச் சோதனை என்று பட்டியல் போட்டுத்தான் கிடைக்கிறது. பிளாஸ்டிக் அல்லது பேக்கேஜிங் பொருளில் இந்த நான்கு உலோகம் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். தண்ணீரில் ஈயம் பார்க்க அங்கீகாரம் வாங்கிய லேபின் முத்திரை உங்கள் பைக்கு உதவாது. பையை எடுக்கும்போது மேல் கட்டிலிருந்தே பத்து எடுக்காமல், வேறு வேறு கட்டுகளிலிருந்தும், இரண்டு தவணையாக அச்சடித்து வந்திருந்தால் இரண்டிலிருந்தும் எடுங்கள். மை டின் நடுவில் மாறியிருக்கக்கூடும்.

கடையில் விற்கும் ஈயம் கண்டுபிடிக்கும் குச்சிகளை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். சிவப்பாக மாறினால் ஈயம் என்று போட்டிருப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் அச்சடித்த பையில் தேய்த்துவிட்டு எந்தச் சிவப்பு எதனுடையது என்று பார்ப்பீர்கள்?

இருபதாயிரம் பை விஷயம். சோதனை முடிவு வரும்வரை அவற்றைத் தொடாதீர்கள், உள்ளூருக்கும் கட்டாதீர்கள். தேறினால் வழக்கம்போலப் பயன்படுத்தலாம். தேறவில்லை என்றால் பிரிண்டருக்கே திருப்புங்கள். இதில் நீங்கள் கெஞ்ச வேண்டிய நிலையில் இல்லை. மையில் ஈயம் இருந்தால் அது அமெரிக்காக்காரரின் பிரச்சினை மட்டும் அல்ல, ஐஎஸ் 15495-க்கும் எதிரானது, அதாவது நம் உணவுப் பாதுகாப்பு விதிக்கும் எதிரானது. அதையே எழுத்தில் குறிப்பிட்டு மாற்றுப் பை கேளுங்கள். ‘சிலிண்டர் செலவு ஆகும்’ என்று சொல்லிப் பார்ப்பார்கள். ஆகாது. டிசைன் மாறவில்லையே, அதைச் செதுக்கிய அச்சு உருளையான சிலிண்டர் அப்படியேதான் இருக்கும், மாறுவது மை மட்டும். ஆர்கானிக் மஞ்சள் கொஞ்சம் விலை கூடும், பை ஒன்றுக்குப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. நிறம் இம்மி வித்தியாசப்படலாம், அதற்காக யாரும் பருப்புப்பொடி வாங்காமல் போகமாட்டார்கள். தோற்றுப்போன பையைக் காயலான் கடையில் மட்டும் போடாதீர்கள். அது உருகி மறுபடி யாரோ ஒருவர் கைக்குப் பையாக வரும். கொல்லையில் எரிக்கவும் வேண்டாம்.

பிரிண்டர் மாற்றித் தர இழுத்தடித்தால், அச்சில்லாத பையில் காகித லேபிள் ஒட்டி முதல் சரக்கை அனுப்பலாம். லேபிளின் மைக்கும் பசைக்கும் அதே கேள்விதான் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் கறுப்பு ஒரு நிறத்தில் அடித்த லேபிளில் தகராறு வரும் வாய்ப்பு குறைவு.

இனி பேத்தி. உங்கள் பையில் அச்சு வெளிப்புறத்தில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒட்டுப் பைகளில் மேல் பாலியஸ்டரின் உள்பக்கமாக அச்சடித்து, அதன்மேல் உள் படலத்தை ஒட்டுவார்கள், மை இரண்டு படலத்துக்கு நடுவில் அடைபட்டிருக்கும். நீங்களே பார்க்கலாம். நல்ல செல்லோ டேப்பை அச்சின்மேல் அழுத்தி ஒட்டிச் சடக்கென்று இழுங்கள். பிறகு பஞ்சில் நெயில்பாலிஷ் அழிக்கும் திரவத்தைத் தொட்டு அதே இடத்தில் தேயுங்கள். டேப்பிலும் பஞ்சிலும் நிறம் வராவிட்டால் மை உள்ளேதான் இருக்கிறது. அப்படியென்றால் பேத்தியின் பல்லுக்கும் மைக்கும் நடுவில் ஒரு படலம் இருக்கிறது, உங்கள் சத்துமாவுக்கும் மைக்கும் நடுவிலும் ஒன்று இருக்கிறது. மையில் ஈயம் இருக்கிறதா என்பதற்கு இந்தச் சோதனை பதில் சொல்லாது, வாய்க்கு வருமா என்பதற்குத்தான். எது எப்படியானாலும் மூன்று வயதுக் குழந்தை கையில் ஜிப் பை வேண்டாம். மூச்சை அடைக்கும். ஈயத்தைவிட அந்தப் பயம்தான் எனக்கு முதலில்.

அதைவிட நான் கவலைப்படும் பைகள் உங்கள் வீட்டில் வேறு இருக்கும். ஒன்று, ஒரே படலத்தில் வெளிப்புறமாக அச்சடித்த கடைப் பை. விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தாலே நிறம் வரும். இன்னொன்று, போர்வையும் பட்டுப்புடவையும் வைத்துக் கொடுக்கும் கனமான, வளைகிற, ஜிப் வைத்த பிவிசி கவர். அமெரிக்காவில் கடைப் பொருள்களின் பேக்கேஜிங்கை எக்ஸ்ஆர்எஃபில் வைத்துப் பார்த்தபோது அதிகம் மாட்டியவை இந்த இரண்டு ரகமும்தான்: இறக்குமதியான வளையும் பிவிசியில் காட்மியமும் ஈயமும், கடைப் பைகளின் மையில் ஈயமும் குரோமியமும். பிவிசி வெயிலிலும் சூட்டிலும் கெடாமல் இருக்க நிலைப்படுத்தி என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். மலிவான ரகத்தில் அது ஈய உப்பாகவோ காட்மிய உப்பாகவோ இருக்கக்கூடும். நம் வீடுகளில் அந்தக் கவரைத் தூக்கிப் போட மனசு வருவதில்லை, கனமாக, காற்றுப் புகாமல் இருக்கிறதே என்று வடகமும் வற்றலும் அதில் போட்டுப் பரணில் வைக்கிறோம். புடவைக்கு வந்த கவரில் புடவையே இருக்கட்டும்.

ஈயம் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் ரசத்துக்கு ஈயச் சொம்பு வைத்திருந்தால் அது சுத்தமான வெள்ளீயமா (டின்) என்று தெரிந்துகொள்ளுங்கள். காரீயம், அதாவது நாம் பேசிவரும் ஈயம், கலந்த மலிவுச் சொம்பில் புளியும் தக்காளியும் தினம் கொதித்தால், நாம் இவ்வளவு நேரம் பேசிய மை எல்லாம் அதன்முன் ஒன்றுமில்லை. எக்ஸ்ஆர்எஃப் கருவி இருக்கும் லேபுக்குப் போகும்போது சொம்பையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், சேதமில்லாமல் பார்த்துவிடலாம்.

சிறு குழந்தைகள் விழுங்கும் ஈயத்தை உடல் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்றை அவர்கள் சொல்வதில்லை. டேப்பில் நிறம் வந்து, லேபிலும் ஈயம் என்று வந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லிப் பேத்தியின் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது அதே நிறுவனம் 2021-இல் சொன்னது. முடியை வெட்டி அனுப்பினால் சொல்கிறோம் என்று வரும் விளம்பரங்களை விட்டுவிடுங்கள்.

பருப்புப்பொடியில் மஞ்சள்தூள் சேர்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். தூளாக வாங்குகிறீர்களா, கிழங்காக வாங்கி அரைக்கிறீர்களா? அதே லெட் குரோமேட்டை மஞ்சளுக்கு நிறம் கூட்டத் தடவும் கள்ளத்தனமும் உலகத்தில் உண்டு. மஞ்சளில் ஈயத்துக்கு நம் எஃப்எஸ்எஸ்ஏஐ வரம்பு 10 பிபிஎம். பைக்கு ரிப்போர்ட் எடுக்கும்போதே மஞ்சளுக்கும் ஒன்று எடுத்துவிடுங்கள். நாளைக்குப் பொடியில் ஈயம் என்று யாராவது சொன்னால், பையா பொடியா என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்காது.

கடைசியாக, கடைக்காரருக்கு அனுப்ப வேண்டிய தாள்கள். லேப் ரிப்போர்ட் மட்டும் அவருக்குப் போதாது, சட்டம் கேட்பது இணக்கச் சான்று. மை கம்பெனி ஒவ்வொரு நிறத்துக்கும் பேட்ச் எண்ணோடு, ‘இந்த நான்கு உலோகத்தையும் வேண்டுமென்று சேர்க்கவில்லை, தற்செயலாக இருப்பது நான்கும் சேர்த்து 100 பிபிஎம்முக்குள்’ என்று பிரிண்டருக்கு எழுதித் தர வேண்டும். அதை வைத்துப் பிரிண்டர் தன் லெட்டர்ஹெட்டில், முழுப் பைக்கும் ஜிப்புக்கும் சேர்த்து, பொறுப்பான ஒருவர் கையெழுத்தோடு உங்களுக்குத் தர வேண்டும். அந்த இரண்டோடு லேப் ரிப்போர்ட்டையும் வைத்து நீங்கள் அனுப்புங்கள். பிரிண்டர் தராமல் நீங்களாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள், மையை நீங்கள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அந்த மாதிரிச் சட்டத்தில் 2021-இல் எண்ணெய், கறை ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் பிஎஃப்ஏஎஸ், பிளாஸ்டிக்கை வளையவைக்கும் தாலேட் என்று இன்னும் இரண்டு வகைப் பொருள்களைச் சேர்த்திருக்கிறார்கள், சில மாநிலங்கள் அதையும் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. உங்கள் கடைக்காரர் கேட்காவிட்டாலும் பிரிண்டருக்கு எழுதும் அதே கடிதத்தில் அதையும் ஒரு வரி கேட்டுவிடுங்கள். அப்புறம், அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரிலிருந்து ஒரு நிபந்தனை போடுங்கள்: மை கம்பெனியோ மையோ மாறினால் அச்சடிப்பதற்கு முன்பே தெரிவித்துப் புதுச் சான்று தர வேண்டும், தராமல் அடித்த பைக்குப் பணம் கிடையாது.